உங்கட நல்லதுக்குத்தான்

அப்பா சொன்ன ஒரு பதிலை நான் வெட்டிச் சுருக்கினேன். 2016 டிசம்பர். வடமேற்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி வார்ட், பின்னேரம் நாலு மணி. அவர் மூன்று வசனம் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொன்னது ஒன்றைத்தான். அதுவும் நடுவில் இருந்ததை.

இதை இதுவரை ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணாவுக்குக்கூடச் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவருக்குத் தெரியவரும்.

அப்பாவுக்கு அப்போது 83 வயது. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் சங்கக்கடை மனேச்சராக இருந்து இளைப்பாறியவர். 1999இல் லண்டனுக்கு வந்தார். 2013இல் அம்மா போன பிறகு, என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கவுன்சில் ஃபிளாட்டில் தனியாக இருந்தார். என்னோடு வந்து இருங்கோ என்று கேட்டால், "உன்ர வீட்டுக் கதிரை எல்லாம் தாழ, பிள்ளை" என்பார். அவருடைய கதிரை ஜன்னலோரம் கிடந்தது. பழைய சாமான் கடையில் எட்டுப் பவுணுக்கு வாங்கிய, கைபிடி வைத்த மரக் கதிரை. நாலு காலுக்கும் அடியில் பலகைத் துண்டு வைத்து உயர்த்தியிருந்தார். அதில் இருந்தால் பஸ் தரிப்பிடம் தெரியும். யார் வருகிறார்கள், யார் பஸ்ஸைத் தவறவிடுகிறார்கள் என்று கணக்கு வைத்திருப்பார். கடை நடத்தினவருக்கு வாசல் பார்க்காமல் இருக்க முடியாது.

2014இல் வாஸ்குலர் டிமென்ஷியா என்றார்கள். மூளையின் சின்ன இரத்தக் குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபட்டு வரும் மறதி. பிறகு 2016 நவம்பரில் பாரிசவாதம். இடது பக்கம் இழுத்துக்கொண்டது. அதோடு ஆங்கிலமும் போய்விட்டது. கூட்டுறவுத் திணைக்களத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதிய மனிதர், நேர்ஸ் "குட் மோர்னிங்" சொன்னால் என் முகத்தைப் பார்த்தார். பிறகு படித்த மொழி முதலில் போவதும் தாய்மொழி கடைசிவரை நிற்பதும் இந்த நோயில் பலருக்கும் நடப்பதுதான். வார்ட் ஃபைலில் 'குழம்பிய பேச்சு' என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் குழப்பம் என்று எழுதிய அன்று காலையில் அவர் கேட்டது இதுதான்: "இந்தத் தேத்தண்ணிக்கு ஆர் சீனி போட்டது?"

வீட்டுக்கு அனுப்புவதா, கேர் ஹோமில் விடுவதா என்று முடிவெடுக்க வேண்டிய நேரம் வந்தது. முதலில் அந்த முடிவை அவரால் எடுக்க முடியுமா என்று பார்க்க ஒரு சோஷல் வேர்க்கர் வந்தார். இளம்பெண். பெரிய தோள்பை, ஈரச் சப்பாத்து. தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை எடுக்கப் பார்த்தார். இரண்டு தடவை லைன் அறுந்தது. "நான் மகள்தானே, நானே சொல்லுறன்" என்றேன். அவருக்கும் அது வசதியாக இருந்தது.

எனக்குத் தெரிந்தும் நான் சொல்லாமல் விட்டவை இரண்டு. ஒன்று, அப்பாவின் காதுக் கருவி லொக்கருக்குள் பற்றரி செத்துக் கிடந்தது. மற்றது, அவருக்குக் காலை பத்து மணிக்கு இருக்கும் தெளிவு பின்னேரத்தில் இருக்காது. பொழுதுபட்டால் சுன்னாகத்துக்குப் போய்விடுவார்.

கேள்விகள் நல்ல கேள்விகள். "இரவில் வீட்டில் யாரும் இல்லாதபோது விழுந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். நான் அப்பாவின் காதுக்குள் குனிந்து, "ராவில விழுந்தா என்ன செய்வியள் அப்பா?" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஆனது. பிறகு சொன்னார்:

"விழுந்தா விழுறன். விடிய நீ வருவாய்தானே. என்ர கதிரையில இருந்து செத்தா எனக்கென்ன?"

நான் திரும்பி, "மகள் வருவாள் என்கிறார்" என்றேன்.

"இரவிலா?"

தலையாட்டினேன். பேனா ஓடியது.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு நல்ல காரணம் ஒன்றும் இல்லை. களைத்திருந்தேன். மூன்று வருடமாகக் காலை ஆறரைக்கு அவர் வீடு, எட்டரைக்கு வேலை, ஆறுக்குத் திரும்பவும் அவர் வீடு. நவம்பரில் அவரைக் குசினித் தரையில் கண்டெடுத்தவள் நான். சாரம் நனைந்து, வாய் கோணி, என்னைக் கண்டதும் "கேத்தல் கொதிச்சிட்டுது" என்றார். அந்தத் தரையை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வேறு யாராவது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, இதை என் கையிலிருந்து வாங்கிவிட மாட்டார்களா என்றிருந்தது.

இங்கே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம். 2007இல் நடைமுறைக்கு வந்தது. எல்லோரும் அதை 'கப்பாசிட்டி அக்ட்' என்பார்கள். அன்று எனக்கு அது தெரியாது, பிறகு உட்கார்ந்து படித்தேன். ஒரு முடிவெடுக்க ஒருவருக்கு நாலு காரியம் முடிய வேண்டும் என்கிறது: சொல்வதை விளங்கிக்கொள்ள வேண்டும், கொஞ்ச நேரமாவது மனதில் வைத்திருக்க வேண்டும், அதைப் போட்டு நிறுத்துப் பார்க்க வேண்டும், தன் முடிவை எப்படியாவது தெரிவிக்க வேண்டும். திறன் இல்லை என்று காட்டப்படும்வரை இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் தானாக முடிவெடுக்கச் செய்யக்கூடிய உதவியெல்லாம் செய்து பார்க்காமல் 'முடியாது' என்று எழுதக்கூடாது. காதுக் கருவிப் பற்றரியும் காலை பத்து மணியும் அந்த உதவிக்குள்தான் வருகின்றன. இன்னொன்றும் சொல்கிறது, எங்கள் சனத்துக்கு அது அவ்வளவு பிடிக்காது: மற்றவர்களுக்கு மடத்தனமாகத் தெரியும் முடிவை எடுக்கிறார் என்பதற்காக ஒருவருக்குத் திறன் இல்லை என்று சொல்லக்கூடாது.

இப்போது அப்பாவின் மூன்று வசனத்தையும் வைத்துப் பாருங்கள். விழலாம் என்பது தெரிகிறது. உதவி விடியத்தான் வரும் என்பது தெரிகிறது. சாகலாம் என்பதும் தெரிந்து, அதைக் கதிரையோடு வைத்து நிறுத்திருக்கிறார். பாரிசவாதம் வந்த நாலாவது கிழமையில், காது கேளாமல், பின்னேரம் நாலு மணிக்கு. நான் சட்டம் தெரியாமல் செய்த பிழை என்று இதைச் சொல்ல மாட்டேன். எனக்குத் தமிழ் தெரியும்.

'இரவில் மகள் வருவாள் என நம்புகிறார். அபாயத்தை எடைபோட முடியவில்லை' என்று அறிக்கை வந்தது.

அடுத்த கிழமை பெஸ்ட் இன்டரெஸ்ட்ஸ் மீட்டிங். அவருக்குத் திறன் இல்லை என்று ஆகிவிட்டதால், அவருடைய உச்ச நலன் எதுவோ அதன்படி மற்றவர்கள் முடிவெடுக்க வேண்டும். பெரிய டொக்டர், வார்ட் சிஸ்டர், நடக்கவும் குளிக்கவும் முடியுமா என்று பார்க்கும் தெரபிஸ்ட், சோஷல் வேர்க்கர், நான். மேசை நடுவில் ஸ்பீக்கர் ஃபோனில் அண்ணா, அங்கே விடியற்காலை. ஆறு கதிரை போட்டிருந்த அறையில் அப்பா இல்லை. அவரைக் கூட்டி வரவா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் மகள், அதனால் கடைசிச் சொல் என்னுடையது என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மருத்துவமா, டொக்டர் முடிவெடுப்பார். எங்கே வைத்துப் பார்ப்பது என்பதா, கவுன்சில் முடிவெடுக்கும். மனைவி, மகன், மகள் என்கிற உறவுக்கு இந்த நாட்டுச் சட்டத்தில் கையெழுத்து அதிகாரம் கிடையாது. எங்களைக் கலந்து பேச வேண்டும், அவ்வளவுதான். அதிகாரம் வேண்டுமென்றால், அப்பா தெளிவாக இருந்த காலத்திலேயே லாஸ்டிங் பவர் ஒஃப் அற்றோர்னி எழுதிப் பதிந்திருக்க வேண்டும். அதில் இரண்டு வகை. ஒன்று காசுக்கும் சொத்துக்கும், மற்றது உடம்புக்கும் பராமரிப்புக்கும். அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்த ஒரு மாமா இதைச் சொன்னவர். "அப்பா இருக்கேக்க இந்தக் கதை என்னத்துக்கு" என்று அண்ணாவும் நானும் அவரைத்தான் குறை சொன்னோம். திறன் போன பிறகு எழுத முடியாது. பிறகு கோர்ட் ஒஃப் புரொடெக்‌ஷன் என்ற நீதிமன்றத்தின் வாசலில்தான் நிற்க வேண்டும்.

சிஸ்டர் ஒரு தாளை நடுவில் கோடு கிழித்தார். ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் கேர் ஹோம். நல்லதும் கெட்டதுமாக நிரப்பிக்கொண்டு வந்து, பேனாவை நிறுத்தி என்னிடம் கேட்டார்: "உங்கள் அப்பா முன்னைப் போல் இருந்தால் என்ன சொல்லியிருப்பார்?"

அந்த மீட்டிங்கில் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அது. சட்டத்தின் நாலாவது பிரிவு முழுக்க அதைத்தான் சுற்றுகிறது. அவருடைய இப்போதைய விருப்பம், முந்தைய விருப்பம், எழுதி வைத்தது ஏதும் உண்டா, எதை நம்பி வாழ்ந்தார், எதை மதித்தார். நான் சொன்னேன்: "பாதுகாப்பாக இருக்க விரும்பியிருப்பார்."

அப்பா தன் வாழ்க்கையில் பாதுகாப்பு என்ற சொல்லைப் பாவித்து நான் கேட்டதில்லை. 1995 ஒக்டோபர் 30, மழை பெய்துகொண்டிருந்தது. ஆமி வருகிறது, வலிகாமத்தை விட்டு எல்லோரும் உடனே போங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு வாகனம் போனது. செம்மணி றோட்டால் சனம் நகர்ந்த அந்த இரவில் அவர் கடைசியாக வெளிக்கிட்டவர்களில் ஒருவர். கடைக்குப் பூட்டுப் போட்டு, பூட்டை இழுத்துப் பார்த்து, திரும்பிப் போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். அந்த மனிதரைப் பற்றித்தான் நான் அந்த அறையில் அப்படிச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணா ஸ்பீக்கரில் அழுதார்.

'பெஸ்ட் இன்டரெஸ்ட்ஸ்' என்பதை அன்று பின்னேரம் அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அலுவலகத் தமிழில் 'உச்ச நலன்' என்பார்கள். வாயில் வந்தது: "உங்கட நல்லதுக்குத்தான் அப்பா." சொல்லும்போதே காது கூசியது. அந்த வார்த்தையை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். பேதிக்குக் குடிக்கத் தரும்போது, பள்ளிக்கூடம் மாற்றும்போது, பேசி வந்த சம்பந்தத்துக்குத் தலையாட்ட வைக்கும்போது. தமிழில் 'உன்ர நல்லதுக்குத்தான்' என்று ஒருவர் தொடங்கினால், கேட்பவருக்குப் பிடிக்காத ஒன்று பின்னால் வருகிறது என்று குழந்தைக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்தது. "ஓ" என்று மட்டும் சொன்னார்.

கேர் ஹோமைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. சுத்தம். கானா நாட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளை "தண்ணி வேணுமா?" என்று கேட்கப் படித்துக்கொண்டாள். ஆனால் கதவுக்கு நம்பர் பூட்டு. பின்னேரம் ஐந்தானால் அப்பா அந்தக் கதவடிக்குப் போய் நிற்பார். "கடை பூட்ட வேணும்" என்பார். கைத்தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நம்பர் பலகையை ஒரு விரலால் தடவுவார், பூட்டை இழுத்துப் பார்ப்பதுபோல. ஏழு மணிக்கு யாராவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவார்கள். மசித்த உருளைக்கிழங்கை ஒதுக்கினார். நான் கட்டிக்கொண்டு போகும் இடியப்பத்தையும் சொதியையும் இரண்டு வாய் சாப்பிடுவார். உள்ளே போகும்போது 61 கிலோ, ஏப்ரலில் 53.

அப்படிப் பூட்டி வைப்பதற்கும் இங்கே ஒரு அனுமதித் தாள் வேண்டும். 'சுதந்திரத்தைப் பறிப்பதற்கான பாதுகாப்பு நடைமுறை' என்று தமிழில் சொல்லலாம், வாய்ப்பேச்சில் டோல்ஸ். பேசமுடியாத ஓர் ஆட்டிசக்காரரை 1997இல் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு, அவரை வீட்டில் வைத்துப் பராமரித்தவர்களிடம் அனுப்பாமல் விட்ட வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனது. 2004இல் அங்கே பிரிட்டன் தோற்றது. அதன் விளைவாக 2009இல் வந்த நடைமுறை இது. எப்போதும் கண்காணிப்பில், வெளியே போக முடியாமல் இருப்பவர் எதிர்க்காமல் இருந்தாலும் சரி, இடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி, அது சுதந்திரம் பறிக்கப்பட்ட நிலைதான் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. என் அப்பாவின் பெயருக்கு மேலே அந்தத் தலைப்பை முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. அவர் என்ன கள்ளனா? இப்போது நினைத்தால், அந்த ஆறு மாதத்தில் யாரும் எழுதிய மிக நேர்மையான சொல் அதுதான்.

அந்தத் தாளுக்காக ஓர் அம்மா வந்தார். பெஸ்ட் இன்டரெஸ்ட்ஸ் அசெஸர் என்பது அவர் பதவி, இளைப்பாறும் வயது. வருவதற்கு முன் எனக்கு ஃபோன் எடுத்து இரண்டு கேள்வி கேட்டார். "எந்த நேரத்தில் அவர் நன்றாக இருப்பார்? எந்த ஊர்த் தமிழ்?" இரண்டையும் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

காலை பத்து மணிக்கு மொழிபெயர்ப்பாளரோடு வந்தார். யாழ்ப்பாணத்தவர் அன்று கிடைக்கவில்லையாம். திருச்சிப் பக்கத்துத் தம்பி ஒருவர். இவருக்கு அப்பாவின் பேச்சு எங்கே விளங்கப் போகிறது என்று நான் மனதுக்குள் சிரித்தேன். அப்பா தொடங்கியதே "என்ர வீட்டுத் திறப்பு இவையிட்டத்தான் கிடக்குது" என்று. அந்தத் தம்பி அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டுத் தமிழில் கேட்டார்: "மன்னிச்சுக்குங்க ஐயா, திறப்புன்னா சாவிங்களா?" அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதக்கணக்கில் பார்க்காத சிரிப்பு. "ஓம் தம்பி, சாவி. நீர் எந்த ஊர்?"

விளங்காததை விளங்கவில்லை என்று கேட்டு, விளங்கியதை மட்டும் சொன்னார் அந்தப் பிள்ளை. எனக்கு எல்லாமே விளங்கியிருந்தது.

அதே கேள்வி வந்தது. இரவில் விழுந்தால்? அப்பா என்னைப் பார்க்காமல், தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "விழுந்தா விழுறன். விடியப் பிள்ளை வருந்தானே. இஞ்ச விழாமத்தான் இருக்கிறன். என்ன பிரயோசனம்?"

தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்கள் 'அவர் சொல்கிறார்' என்று சொல்வதில்லை. 'நான்' என்றே சொல்வார்கள். அந்தத் தம்பி நிமிர்ந்து இருந்து, ஒரு சொல் விடாமல், அப்பாவாகவே ஆங்கிலத்தில் சொன்னார். என் அப்பாவின் பதிலை முழுதாக ஆங்கிலத்தில் நான் கேட்டது அன்றுதான்.

நடையில் அந்த அம்மாவை நிறுத்தி டிசம்பரில் நடந்ததைச் சொன்னேன். ஆறுதல் ஏதும் சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். "மூன்று வசனத்தையும் அவர் சொன்ன ஒழுங்கில் திரும்பச் சொல்லுங்கள். என்ன தேதி?" என்றார். எழுதிக்கொண்டார். பிறகு, அப்பாவின் சார்பில் பேசும் பிரதிநிதியாக நான் இருக்கத் தயாரா என்று கேட்டார். வழமையாக நெருங்கிய உறவினரைத்தான் போடுவார்கள். வேண்டாம் என்றேன். அதற்கென்று சம்பளத்துக்கு வரும் வேறொருவரைப் போட்டார்கள். மாதம் இரண்டு தடவை வந்து போன அந்த மனிதர் எனக்குக் கட்டுப்பட்டவர் இல்லை என்பது எனக்கு ஒரு விடுதலையாக இருந்தது.

அந்த அம்மாவின் அறிக்கை அப்பாவுக்குத் திறன் இருக்கிறது என்று சொல்லவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் சினிமாக் கதையாகிவிடும். நாலு நேரம் ஆள் வருவது, குளிசை, காஸ் அடுப்பு என்று ஏற்பாடுகளை விளக்கினால், ஏப்ரலில் அவரால் அதைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. டிசம்பரில் முடிந்திருக்குமா என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் திறன் போனால் விருப்பத்துக்கு மதிப்புப் போய்விடுவதில்லை என்று அந்த அம்மா எழுதியிருந்தார். 2015இல் ஒரு வழக்கு: 73 வயது மனிதர், நீண்டகால மனநோய், காலில் கடும் தொற்று. காலை வெட்டாவிட்டால் சாவு என்றார்கள் டொக்டர்மார். அவர் மாட்டேன் என்றார். நீதிபதி பீற்றர் ஜாக்சன் ஆஸ்பத்திரிக்கே போய் அவரோடு கதைத்துவிட்டு வந்து, அவர் விருப்பத்துக்கு மாறாக வெட்டுவது அவருடைய நலன் ஆகாது என்று தீர்ப்புக் கொடுத்தார். போய்க் கதைத்துவிட்டு வந்தார் என்பதை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

ஒரு வருடம்வரை கொடுக்கக்கூடிய அனுமதியை இரண்டு மாதத்துக்கு மட்டும் கொடுத்தார்கள். அதற்குள் வீட்டில் வைத்துப் பார்க்க வழி தேடச் சொல்லி. 2017 ஜூனில் அப்பா தன் கதிரைக்குத் திரும்பினார். ஆள் கால் வைத்தால் ஒலி எழுப்பும் பாய், தாழ்ந்த கட்டில், அடைத்த காஸ், ஒரு நாளைக்கு நாலு தடவை ஆட்கள். அவர் விழுந்தார், மூன்று தடவை. ஒரு தடவை மணிக்கட்டு முறிந்தது. "பார்த்தியோ" என்றார் அண்ணா ஃபோனில். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அப்பா மாவுக்கட்டோடு ஜன்னலடியில் இருந்து, பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு வெள்ளைக்காரியைப் பற்றிச் சொன்னார்.

2018 ஓகஸ்டில் நெஞ்சில் சளி. குடிப்பது சுவாசக் குழாய்க்குள் போகிறது என்றார்கள். இனித் தண்ணீர், தேத்தண்ணி எல்லாவற்றையும் தடிப்பாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு டின் மா தந்தார்கள். கரண்டியால் போட்டுக் கலக்கிவிட்டு நின்றால், தேத்தண்ணி மெல்ல மெல்லக் கஞ்சிப் பசைபோல் இறுகும். கோப்பையைச் சரித்தால் முழுவதும் ஒரே கட்டியாக விளிம்புக்கு வந்து நிற்கும். அப்பா குடித்துப் பழகியது சாயம் கூடின வெறும் தேத்தண்ணி. பனங்கட்டியை உள்ளங்கையில் வைத்து, ஒரு கடி கடித்து ஒரு வாய் உறிஞ்சுவார். அவருக்கு அந்தப் பசை என்னவாக இருந்திருக்கும்.

அண்ணா வயிற்றில் குழாய் வைக்கச் சொன்னார். "பட்டினி போட்டுக் கொல்லப் போறியோ?" கடுமையான டிமென்ஷியாவில் குழாய் உணவு வழமையாகக் கொடுக்க வேண்டியதல்ல என்று அதே வருடம் ஜூனில் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டி அமைப்பு வெளியிட்டிருந்தது. டொக்டர் அதை அண்ணாவுக்கு அரை மணி நேரம் விளக்கினார். மாவைப் பற்றியும் சொன்னார்: பலர் அந்த ருசி பிடிக்காமலே குடிப்பதைக் குறைத்து உடம்பு வற்றிப்போகிறார்கள்.

"அவரிடம் கேட்கலாமா?" என்றேன். பத்து மணிக்கு, புதுப் பற்றரி போட்டு, யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளரை வைத்து, தட்டில் இரண்டு கோப்பை. அப்பா முதல் கோப்பையைக் கையில் எடுத்து மணந்தார். சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தூக்கிப் பார்த்தார். பசை நூலாக இறங்கியது. அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மற்றதை எடுத்தார். குடித்தார், இருமினார், கண்ணில் தண்ணீர் வந்தது, திரும்பக் குடித்தார். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாளும்.

அபாயம் தெரிந்தே வாயால் கொடுப்பது என்று டொக்டர் எழுதிக் கையெழுத்திட்டார். நிமிர்த்தி இருத்தி, நாடியைத் தாழ்த்தி, தேக்கரண்டி தேக்கரண்டியாக. இதில் என் கையெழுத்து எங்கேயும் இல்லை. ஐந்து கிழமை குடித்தார். செப்டம்பர் கடைசியில் நிமோனியாவில் போனார், கட்டிலில். கதிரையில் இருத்த அன்று யாருக்கும் தோன்றவில்லை.

போன வருடம் என்னுடைய பவர் ஒஃப் அற்றோர்னியை எழுதிப் பதிந்தேன். பத்திரம் ஆங்கிலம். அதில் விருப்பங்களை எழுத ஒரு பெட்டி இருக்கிறது. தேத்தண்ணி பற்றி எழுதினேன், சீனி எத்தனை கரண்டி என்பதுவரை. மகன் இங்கே பிறந்தவன், வாசித்துவிட்டு, "என்ன அம்மா இது, ரெசிப்பியா?" என்றான். எனக்கும் ஒருநாள் ஆங்கிலம் போகலாம். அப்போது நீ எனக்கு மொழிபெயர்க்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்குத் தமிழ் தெரியாது என்பதற்காகச் சொல்லவில்லை என்றும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் காசு கேட்க மாட்டார்கள். முந்தியே சொல்லி வையுங்கள். எந்த ஊர்த் தமிழ் என்று சொல்லுங்கள். காலையில் வரச் சொல்லுங்கள். பற்றரியைப் பாருங்கள்.